மீன் வண்டியில் ஒரு மெழுகுப் பெண்

"ஏற்காட்டுக்கு வந்துட்டு பஜ்ஜி தின்னாமப் போனீங்கன்னா மலை கோவிச்சுக்குமுங்க" என்றார் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள். நான் பதில் சொல்வதற்குள் முன் இருக்கைச் சிறுமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். வண்டி அப்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்ததால் காற்று எங்கள் பக்கமாக வீசியது. சேலத்தில் இறங்கியதும் வாங்கிய புதுத் துண்டு அந்த இடத்திலேயே திறப்பு விழா கண்டது.

எங்கள் மலேசியாவில் கேமரன் மலைப் பாதையும் இப்படித்தான் வளைந்து வளைந்து ஏறும். ஆனால் அங்கே வளைவில் ஹார்ன் அடித்தால் முறைப்பார்கள். இங்கே அடிக்காவிட்டால்தான் திட்டு விழுகிறது. டிரைவர் ஒரு கையை ஹார்னிலேயே வைத்திருந்தார். இன்னொரு கையால் ஸ்டியரிங்கையும் கைக்குட்டையையும் மாறி மாறிக் கவனித்தார்.

நான் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. ஈப்போவில் கணவரோடு சேர்ந்து ஒரு கோப்பிக் கடை நடத்துகிறேன். மலேசியாவில் நாங்கள் கோப்பி என்றுதான் சொல்வோம்; இங்கே காப்பி. கடையைச் சற்றுப் பெரிய இடத்துக்கு மாற்றப்போகிறோம். வாசலில் வைக்க, காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை. கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியில் அமுதா என்ற சிற்பியின் சின்னச் சின்ன வேலைகளைப் பார்த்திருந்தேன். ஏற்காட்டில் பட்டறை வைத்திருப்பவள். அவளிடமே கேட்டேன், ஒத்துக்கொண்டாள். படம் அனுப்பச் சொன்னால் மட்டும் பிடி கொடுக்க மாட்டாள். கடைசியில் ஒருநாள் அவளே அழைத்தாள்.

"மெழுகுல உருவம் முடிஞ்சிருச்சுக்கா. இதுக்கு மேல வெண்கலம் ஊத்திட்டா ஒண்ணும் மாத்த முடியாது. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயிருங்க."

கடையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஏற்காட்டின் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கியபோது ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நின்றாள் அமுதா. நாற்பதை நெருங்கும் வயது. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். விரல் நுனிகளில் பழைய தீக்காயங்களும் நகக்கண்ணில் மஞ்சள் மெழுகும் இருந்தன. என் பெட்டியை வாங்கிக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தியவள், வண்டியைக் கிளப்பாமல், "முதல்ல பஜ்ஜிக்கா" என்றாள். பஸ் அம்மாள் சொன்னது சும்மா இல்லை போலிருக்கிறது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்த மிளகாய் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றோம். மூக்கில் நீர் வழிய, மூடுபனி கன்னத்தில் பட, அதற்கு மேல் ஒரு காப்பி. எங்கள் ஊரில் கொட்டையை வெண்ணெய் போட்டு வறுப்போம். பானமும் கெட்டியாக, கொஞ்சம் கருகின வாசனையோடு இருக்கும். இது மெலிதாக, சிக்கரிக் கசப்போடு இருந்தது. என் தொழில் எதிரியின் காப்பி என்றாலும் இரண்டாவது டம்ளர் வாங்கினேன்.

கிளியூர் போகும் வழியில் ஓர் எஸ்டேட்டின் ஓரத்தில் அவளுடைய பட்டறை. முன்பு ஜீப் நிறுத்தும் கொட்டகையாக இருந்ததாம். உள்ளே நுழைந்ததும் தேனும் சாம்பிராணியும் கலந்த மாதிரி ஒரு மணம். நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் ஐந்து வயதுக் குழந்தை உட்கார்ந்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில் ஈரத் துணி போர்த்திய உருவம். அமுதா துணியை எடுத்தாள்.

நான் கேட்டிருந்தது இதுதான்: முதுகில் கூடை, கையில் பழக்கொத்து, முகத்தில் புன்னகை, நின்ற கோலம். மேஜை மேல் இருந்தவளோ ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலைத் தூக்கி மறு தொடையில் போட்டு, கணுக்காலிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் யாரிடமோ பேசிக்கொண்டே பிடுங்குகிறாள். கிட்டே போய்ப் பார்த்தேன். அட்டை! கொழுகொழுவென்று ஓர் அட்டைப் பூச்சி.

"நல்லா இருக்கும்மா" என்றேன். பயணக் களைப்பு என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மாலையில் கணவரை அழைத்துச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "பசியாற வர்றவனுக்கு அட்டையக் காட்டப் போறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு தூரம் வந்து ஒரு பெண்ணின் உழைப்பைப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் போனால் ஆயுசுக்கும் அந்த அட்டையோடு குடும்பம் நடத்த வேண்டுமே!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அமுதா பட்டர் புரூட் என்கிற வெண்ணெய்ப் பழத்தைப் பிளந்து சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டே அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேன்மெழுகோடு குங்கிலியப் பொடியும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி வைத்திருந்தாள். குளிரில் அந்தக் கட்டிகள் கல்லாக இறுகிக் கிடந்தன. இரண்டைத் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்டது. அடுப்பில் கொதித்த கெண்டியைச் சுற்றிக் குழந்தைகளைக் குளிர்காய வைப்பது மாதிரி அவற்றை அடுக்கினாள். ஒன்று மட்டும் உடம்புச் சூட்டில் இளகட்டும் என்று அவள் இடுப்புச் செருகலில் இருந்தது.

"காலையில உடையும், வெயில் ஏறினா வழியும். நடுவுல கொஞ்ச நேரம்தான் சொன்ன பேச்சக் கேக்கும். அதுக்குள்ள வேலைய முடிச்சுக்கணும்" என்றாள்.

ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சுட்டு, புடவை மடிப்பின் ஓரத்தை மெல்ல இழைத்தாள். கூந்தலுக்குப் பல் உடைந்த ஒரு சீப்பு. புடவைக் கரைக்கு நிஜப் புடவையின் கரையையே மெழுகில் வைத்து அமுக்கினாள். உள்ளே முழுவதும் மெழுகு இல்லை. களிமண் கருவின் மேல் விரல் தடிமனுக்குத்தான் மெழுகு என்றாள். அந்த மெழுகு இருக்கும் இடத்தில்தான் பின்னால் வெண்கலம் நிற்குமாம்.

"முதல்ல கல்லுலதான் செஞ்சேன். கல்லுல ஒரு தப்புப் பண்ணினா அது அப்படியேதான் இருக்கும். இதுல தப்ப வெட்டி மறுபடி சட்டியில போட்டுக்கலாம்." சட்டியைக் கரண்டியால் கிளறினாள். "இதுக்குள்ள ஒரு எம்.எல்.ஏவோட மூக்குகூட இருக்குதுக்கா. அவங்க ஊட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கல."

அந்த மூக்கு எனக்குத் தைரியம் கொடுத்தது. சட்டென்று சொல்லிவிட்டேன். "எனக்கும் இது பிடிக்கலம்மா."

கத்தியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்தது. ஆனால் சண்டைக்கு வரவில்லை. "எது பிடிக்கல?" என்றாள்.

அட்டை, உட்கார்ந்த கோலம், கூடை இல்லாதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கைபேசியை எடுத்து எங்கள் கடைச் சுவரில் பல வருடமாகத் தொங்கும் படத்தைக் காட்டினேன். முதுகில் கூடையோடு ஒரு பெண் சிரிக்கிற படம்.

அமுதா பார்த்தாள். "அக்கா, இவங்க தேயிலை பறிக்கறவங்க. காப்பிக்கு முதுகுல கூடை கெடையாது. இடுப்புலதான் பை கட்டுவாங்க."

எத்தனை வருடமாகத் தேயிலைக்காரியைக் காட்டிக் கோப்பி விற்றிருக்கிறேன்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் கூடை போனாலும் அட்டை போகவில்லையே. "இன்னைக்குப் பூரா நேரமிருக்குது. நாளைக்குக் காலையில சிலைய ஏத்த வண்டி வந்துரும். செல்விக்கா வரட்டும், நிக்கவெச்சுப் பாப்போம்" என்றாள்.

செல்விதான் இந்தச் சிலைக்கு முன்மாதிரியாக உட்கார்ந்தவர். கிளியூரில் குடியிருக்கிறார், எஸ்டேட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவராக இருப்பார். உள்ளே வந்ததும் ஒரு தூக்கை நீட்டினார். "ஏனுங்கக்கா, மலேசியாவுங்களா? சாமைச் சோறுங்க. அவரைக்காய்க் கொழம்பு ஊத்தியிருக்கறேன். நல்லா இல்லீன்னா சொல்லிருங்க." நன்றாக இருந்தது. சாமையை நான் அப்போதுதான் முதல் தடவையாகச் சாப்பிட்டேன். மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து தூக்கைக் காலி செய்தோம்.

பிறகு செல்வியை நிற்க வைத்து, இடுப்பில் பை கட்டி, கையில் ஒரு கிளையைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னோம். ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கும்போது ஒரு முகம் வருமே, அந்த முகம் வந்தது.

"இன்னும் கொஞ்சம் சிரிங்க செல்விக்கா."

"எதுக்குங்க அம்மிணி சிரிக்கறது? சிரிக்கற மாதிரி என்ன சொன்னீங்க இப்ப?"

நான் குறுக்கிட்டேன். இந்தச் சிலை என் கடை வாசலில் வைப்பதற்கு என்றேன். உங்களை எப்படி வைத்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். சொல்லப்போனால், அவரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அமுதாவும் கேட்டதில்லை என்பது அவள் சட்டென்று நிமிர்ந்ததில் தெரிந்தது.

செல்வி கிளையைக் கீழே போட்டார். மேஜை மேல் இருந்த தன்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "உள்ள வெப்பீங்களா, வெளியிலயா?"

"வாசல்ல. மேல கூரை இருக்கு."

"நின்னுக்கிட்டு வேண்டாமுங்கக்கா. பொழுதுக்கும் நின்னுதான் கெடக்கறேன். களையெடுத்தாலும் குனிஞ்சு நிக்கோணும், பழம் பறிச்சாலும் நிக்கோணும், ஊட்டுக்குப் போனா அடுப்புகிட்ட நிக்கோணும். அங்க வந்தாவது நான் உக்காந்துக்கறனுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் கடையில் பகல் முழுவதும் நிற்கிற என் கால்கள் அப்போது எனக்கு ஞாபகம் வந்தன.

"உட்காரட்டும்" என்றேன். "ஆனால் அட்டை வேண்டாம்."

"அட்டை இல்லீன்னா கை அங்க என்ன பண்ணுது?" என்றாள் அமுதா. நியாயமான கேள்விதான். காப்பி டம்ளர் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். உடனே சூட்டுக் கத்தியால் சிலையின் கையை மணிக்கட்டோடு வெட்டி எடுத்தாள்! வெந்நீரில் நனைத்து, விரல்களை வளைத்து, உருட்டி வைத்த குட்டி டம்ளரைப் பொருத்திக் காட்டினாள். சிக்கரித் தூள் பாக்கெட்டின் மேல் போடுகிற படம் மாதிரி இருந்தது. மூவருமே வேண்டாம் என்றோம். டம்ளர் எம்.எல்.ஏவின் மூக்கோடு போய்ச் சேர்ந்தது.

கடைசியில் கை பழைய இடத்துக்கே வந்தது. அட்டை மட்டும் போனது. வேலை முடிந்து உட்கார்ந்து, கணுக்காலைத் தடவிக்கொண்டே யாரிடமோ கதை பேசுகிற பெண். அட்டை கடித்திருக்கும் என்று தெரிந்தவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கால்வலி.

முந்தானையைத் திருத்தப் புதிதாக ஒரு மெழுகுத் தகடு வேண்டியிருந்தது. ஈரக் கல்லில் அமுதா குழவியால் தேய்த்தபோது இரண்டு தடவை விரிசல் விட்டது. "கொடு" என்றேன். என் கணவர் ரொட்டி சானாய் என்கிற எங்கள் ஊர்ப் பரோட்டாவை வீசும் எங்கள் கடையில் மாவு பிசைவது நான். விரலைச் சுட்டுக்கொண்டாலும், கண்ணாடி மாதிரி மெல்லிய தகடு ஒன்றைத் தேய்த்து எடுத்தேன். அமுதா அதை வாங்கி மெழுகுச் செல்வியின் தோளில் மடித்து விட்டாள். அந்த முந்தானை வெண்கலத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் சேர்வராயன் கோயிலுக்குப் போய்வந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. குனிந்து, சாமி இருக்கும் குகைக்குள் போனோம். செல்வி கண்ணை மூடி வெகு நேரம் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்றேன். "நாளைக்குச் சேலத்துல வெய்யிலு கொறையட்டும்னுங்க" என்றார். எதற்கு என்று மறுநாள்தான் முழுசாகப் புரிந்தது.

வெண்கலம் வார்க்கும் பட்டறை கீழே சேலத்தில் இருக்கிறது. மலையில் கல்லாக நிற்கும் மெழுகு சேலத்து வெயிலில் களியாகிவிடும். அமுதா முன்பு ஒரு சிலையைக் காரில் கொண்டுபோயிருக்கிறாள். "உக்காந்துக்கிட்டுப் போனவரு, போய்ச் சேர்றப்பப் படுத்துட்டாருக்கா" என்றாள். அதனால் இப்போதெல்லாம் மீன் வண்டிதான். ராஜேந்திரன் என்பவர் விடியற்காலையில் சேலத்திலிருந்து கடல் மீன் ஏற்றிவந்து ஓட்டல்களுக்குப் போடுகிறார். திரும்பும்போது பெட்டி காலி. உள்ளே குளிர் இருக்கும், பனிக்கட்டி இருக்கும். மணம்தான் கொஞ்சம் கூடுதல்.

செல்வி லீவு போட்டுவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மெழுகுச் செல்வியைச் சாக்குப் படுக்கையில் வைத்து, சுற்றிலும் வைக்கோல் திணித்து, பக்கங்களில் ஐஸ் நிரப்பினோம். ஓட்டல்காரர்கள் மீனோடு ஐஸையும் நிறைய வாங்கிக்கொண்டார்களாம்; மீதி கொஞ்சம்தான். "ஒரு மணி நேரந்தானுங்க, தாங்கும்" என்றார் ராஜேந்திரன். முன்னால் நாங்கள் நால்வரும் ஒருவர் மடியில் ஒருவர் என்று சொல்லும்படி நெருக்கி உட்கார்ந்தோம்.

பாதி மலை இறங்கியபோது வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வளைவில் லாரியும் சுற்றுலா பஸ்ஸும் எதிரெதிராக வந்து, யாரும் பின்வாங்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தன. ஆளாளுக்கு இறங்கி யோசனை சொன்னார்கள். யோசனை கூடக்கூட நெரிசலும் கூடியது. அங்கே காற்றிலேயே சூடு தெரிந்தது. வெகு நேரம் ஆயிற்று. பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி ரோட்டில் ஓடியது. அமுதா கதவைத் திறந்து சிலையின் தோளைத் தொட்டாள். விரலில் மெழுகு ஒட்டிக்கொண்டு வந்தது.

"கழுத்து தாங்காதுக்கா. அதான் முதல்ல போகும்."

நான் இறங்கி ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கும் உடம்புக்கும் தகுந்த ஓட்டம். வளைவுக்குக் கீழே ஒருவர் சர்பத் வண்டி போட்டிருந்தார். மரத்தூளில் புதைத்த பெரிய பனிக்கட்டி. அதை முழுசாகக் கேட்டேன். இத்தனை சுற்றுலாக்காரர்கள் தாகத்தோடு நிற்கும் நேரத்தில் எந்த வியாபாரி ஐஸை விற்பான்? நானும் வியாபாரிதான், அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. பின்னாலேயே வந்த செல்வி மூச்சு வாங்கிக்கொண்டு, "சிலை உருகுதுங்கண்ணா!" என்றார்.

"என்ன சிலைங்க? சாமி சிலையா?"

"சாமியில்லீங்க. நானுங்க."

அவர் செல்வியை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாக்கோடு கட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். உருகுகிற செல்வியைப் பார்க்காமல் விடுவதில்லை என்ற முடிவு. பஸ்ஸிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் இறங்கிவந்து குடை பிடித்தார்கள். ஒருத்தி தன் துப்பட்டாவை நனைத்துக் கொடுத்தாள். கழுத்தைச் சுற்றி ஐஸைப் பொதிந்து கதவைச் சாத்திய பிறகுதான் அமுதா உட்கார்ந்தாள், ரோட்டிலேயே.

நெரிசல் தீர்ந்து ஒருவழியாகச் சேலத்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் மூன்று பூனைகள் வண்டியருகே வந்து நின்றன. பட்டறைக்காரர் பெரியசாமி வெளியே வந்து மூக்கை உறிஞ்சி, "என்னுங்க, இந்தத் தடவ நெத்திலியா?" என்றார். பெட்டியைத் திறந்தோம். சிலையின் தலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான் சேதம். அமுதா விளக்கை ஏற்றி, ஈரத் துணியும் சூட்டுக் கத்தியுமாக உட்கார்ந்து பழையபடி நிமிர்த்தினாள். சாய்ந்தபடியே விட்டாலும் அழகாகத்தானே இருக்கிறது என்றேன். "நான் செஞ்சது அப்படி இல்லீங்களே" என்று முடித்துவிட்டாள்.

செல்விக்கு ஒரு சந்தேகம். "அடுத்து என்னுங்க பண்ணுவீங்க?"

பெரியசாமி சொன்னார். மேலே களிமண் பூச்சு பூசுவார்கள். காய்ந்ததும் சூளையில் வைத்துச் சுடுவார்கள். உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார்கள்.

செல்வி அவரையும் அமுதாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, உருக்கறதுக்கா இத்தன ஐஸு!"

எல்லோரும் சிரித்தோம். அமுதாவும் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். வார்ப்பு சரியாக வராவிட்டால் என்று நான் மெல்லக் கேட்டேன். "மெழுகும் இருக்காது, சிலையும் இருக்காதுக்கா. திரும்பவும் முதல்லருந்துதான். உருக்கற அன்னைக்கு நான் இங்க வர மாட்டேன். ஊட்டுல ஏதாவது துணி துவைச்சுக்கிட்டு இருப்பேன்" என்றாள். அப்போது மட்டும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் மெழுகு, மீன் மணம்.

வெளியே வந்து தெருமுனையில் தட்டு வடை செட் வாங்கினோம். இரண்டு தட்டு வடைக்கு நடுவே துருவிய காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துக் கையில் கொடுத்தார்கள். ஒரே வாயில் போட வேண்டுமாம். நான் இரண்டாகக் கடித்துப் புடவையெல்லாம் சட்னி ஆக்கிக்கொண்டேன். எங்கள் பக்கம் வந்த ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை மீன் என்றே முடிவு செய்து பின்னாலேயே வந்தது.

வார்ப்பு நன்றாக வந்தது. முதுகில் மட்டும் சின்னதாக ஓர் ஓட்டை, அதை அடைத்துவிட்டார்கள். சிலை ஈப்போவுக்கு வந்து பெட்டியைப் பிரித்த அன்று கணவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இவங்க யார்கிட்ட பேசுறாங்க?" என்று கேட்டார். பிறகு தானே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். இப்போது அந்த நாற்காலி காலியாக இருப்பதே இல்லை.

அன்றே செல்விக்குக் கைபேசியில் காட்டினேன். எஸ்டேட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். "ஏ, இங்க வாங்கடி!" என்று கூவினார். திரையில் ஏழெட்டு முகங்கள் முட்டிக்கொண்டன. சிலையை ஒரு நிமிடம்தான் பார்த்திருப்பார்.

"செரிங்கக்கா, அது நாந்தான், தெரியுது. போனை அக்கட்டத் திருப்புங்க, உங்க ஊரக் காட்டுங்க."

கைபேசியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன். பழக்கடை, பள்ளிக்கூடம், சீனர் கோயில், மழை வரப்போகும் வானம் எல்லாம் காட்டினேன். தெருவின் கடைசியில் எங்கள் சுண்ணாம்பு மலைகள் சுவர் மாதிரி செங்குத்தாக, வெள்ளையாக நின்றன.

"அடேயப்பா! அதுமேல பஸ் போகுமுங்களா?"

"போகாது. ஏறவே முடியாது."

செல்வி சற்று யோசித்தார். பின்னால் இருந்தவர்களும் யோசித்தார்கள்.

"அப்பறம் என்னத்துக்குங்கக்கா மலை?" என்றார். "செரி, இன்னுங் கொஞ்ச தூரம் நடங்க. சாப்பாட்டு நேரம் முடியறதுக்கு இன்னும் இருக்குது."

நடந்தேன்.